பாக்டீரியாவின் மேற்பரப்பில் நாட்டிய புரதம்

முலுண்ட் நகர்ப்பகுதிக்குக் கிழக்கே உப்பளங்களும் அலையாத்திக் காடுகளும் பரந்து கிடக்கின்றன. அவற்றை ஒட்டியவாறு தாணாக் கழி தெற்கு நோக்கிச் செல்கிறது. அக்கழியின் மேற்குக் கரையோரமாகவே பாண்டுப், விக்ரோலி முதலிய இடங்களைக் கடந்து சென்றால், செம்பூருக்கு அப்பால் டிராம்பே வந்துவிடும். 1954ஆம் ஆண்டில் அணுசக்தி நிலையமாகத் தோன்றி, 1967 முதல் பாபா அணு ஆராய்ச்சி நிலையம் என்று வழங்கும் ஸ்தாபனம் இங்குதான் இருக்கிறது. அணு உலைகளை மட்டுமே அதனுடன் சேர்த்து நினைப்பவர் பலர். ஆனால் வேளாண்மைத் துறையிலுள்ள களப் பணியாளர்களுக்கு, டிராம்பேயில் உருவான நிலக்கடலை வகைகளும் உளுந்து வகைகளும் பழக்கமானவையே. அதே ஸ்தாபனத்தின் உயிரியல் பிரிவுகளில் பாக்டீரியாக்களைக் கொண்டு நீரிலிருந்து யுரேனியத்தைப் பிரித்தெடுக்கும் முயற்சி ஒன்று நெடுநாட்களாக நடைபெற்று வந்துள்ளது. அம்முயற்சியையும், அதற்கு ஆதாரமாக உள்ள புதிய கலை ஒன்றையும் பற்றி இங்கே கூறுவோம்.

யுரேனியத் தாதுவை வெட்டி எடுக்கும் இடத்திலும், அதைச் சுத்தி செய்து எரிபொருளாக்கும் இடத்திலும், பின்னர் எரிபொருளை மறுபடி பக்குவப்படுத்தும் இடத்திலும் கழிவுநீர் உண்டாகிறது. யுரேனியம் செறிவாக உள்ள கழிவிலிருந்து அதை மீட்பது இரசாயன முறைகளால் எளிதே. சங்கடம் தருவது நீர்த்துப்போன கழிவு. அதில் யுரேனியத்தின் அளவு சொற்பம். நீரின் அளவோ மிகப் பெரிது. சொற்பமான உலோகத்திற்காகப் பெருமளவு இரசாயனப் பொருள்களைச் செலவிடுவது கட்டுப்படியாகாது. அப்படியே விட்டுவிடுவதும் தகாது. யுரேனியம் கதிரியக்கம் உடையது என்பதோடு, சிறுநீரகத்தைத் தாக்கும் நச்சுப்பொருளுமாகும்.

பாக்டீரியா இங்கே எவ்வாறு உதவக்கூடும்? பாஸ்பட்டேஸ் என்பது ஒருவகை என்ஸைம், அதாவது நொதி. கரிமப் பொருள்களோடு இணைந்திருக்கும் பாஸ்பேட்டை அது வெட்டி விடுவிக்கும். நீரில் கரைந்துள்ள யுரேனியம் இவ்வாறு விடுபட்ட பாஸ்பேட்டைச் சந்தித்தால், இரண்டும் சேர்ந்து கரையாத யுரேனைல் பாஸ்பேட்டாகிப் படிந்துவிடும். ஆகவே, பாஸ்பட்டேஸை மிகுதியாக உண்டாக்கும் பாக்டீரியாவைக் கழிவுநீரில் இட்டு, அதற்கு வெட்டுவதற்குரிய கரிம பாஸ்பேட் ஒன்றையும் கொடுத்தால், யுரேனியம் திடப்பொருளாக வெளிவரும். நீரை வடித்துவிட்டுப் படிவை எடுத்துக்கொள்ளலாம்.

சாதாரண பாக்டீரியா கதிரியக்கக் கழிவில் நெடுநேரம் தாங்காது. இதற்கு இயற்கையிலேயே ஒரு பயில்வான் உண்டு. 1956ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், டப்பாவில் அடைத்த இறைச்சியைக் காமாக் கதிர்களால் கெடாமல் பாதுகாக்க முயன்றனர். கதிர்வீச்சுக்குப் பின்னும் ஒரு டப்பாவில் இறைச்சி கெட்டுப்போயிற்று. ஆர்தர் ஆண்டர்சன் என்பவர் அதிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியாவே இன்று டைனோகாக்கஸ் ரேடியோடியூரன்ஸ் என்று அழைக்கப்படுகிறது. மனிதன் மீது ஒரே முறையில் 4 அல்லது 5 கிரே அளவு கதிர்வீச்சுப் பட்டால் உயிருக்கே ஆபத்து. இந்தப் பாக்டீரியாவோ 5,000 கிரேயை ஏறத்தாழச் சேதமின்றித் தாங்குகிறது. அதன் டி.என்.ஏ. இழை துண்டு துண்டாகச் சிதறினாலும், சில மணி நேரத்தில் அத்துண்டுகளை முறைப்படி ஒட்டித் தன்னைச் செப்பனிட்டுக்கொள்கிறது.

டிராம்பே விஞ்ஞானிகளான தீப்தி அப்புக்குட்டன், அமர சாம்பசிவ ராவ், ஸ்ரீகுமார் ஆப்தே ஆகியோர் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி இங்கிருந்தே தொடங்குகிறது. டைபாய்டு காய்ச்சலை உண்டாக்கும் சால்மொனெல்லாவின் உள்ளூர் வகை ஒன்றிலிருந்து போன் என்னும் பாஸ்பட்டேஸுக்குரிய ஜீனை, அதாவது மரபணுவை, அவர்கள் எடுத்து டைனோகாக்கஸில் புகுத்தினர். டைபாய்டு என்றதும் வாசகர் அஞ்ச வேண்டியதில்லை. நோயை உண்டாக்கும் ஆற்றல் இந்த ஒரு ஜீனில் இல்லை. இது பாஸ்பேட்டை வெட்டுவதற்கான கத்தரிக்கோல் மட்டுமே. புதிய பாக்டீரியா, 0.8 மில்லிமோலார் செறிவுள்ள யுரேனைல் நைட்ரேட் கரைசலிலிருந்து 6 மணி நேரத்தில் 90 சதவிகிதத்திற்கு மேற்பட்ட யுரேனியத்தைப் படியவைத்தது. 6,000 கிரே காமாக் கதிர்களுக்கு உட்படுத்திய பின்னும் அந்த ஆற்றல் அதனிடம் இருந்தது.

இந்த எண்களை வகுப்பில் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். யுரேனியத்தின் அணு எடை 238. எனவே 0.8 மில்லிமோலார் என்பது ஒரு லிட்டரில் சுமார் 190 மில்லிகிராம் யுரேனியம். அதில் 90 சதவிகிதம் படிந்தால் 19 மில்லிகிராம் எஞ்சும். அதாவது 19,000 மைக்ரோகிராம். குடிநீரில் லிட்டருக்கு 30 மைக்ரோகிராமுக்கு மேல் யுரேனியம் இருக்கலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ள வழிகாட்டும் அளவு. எஞ்சியது அதைப்போல் 600 மடங்குக்கு மேல் உள்ளது. ஆகவே இம்முறையைக் கிணற்று நீரைச் சுத்தி செய்யும் உபாயம் என்று எவரேனும் எழுதினால், எழுதியவர் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை என்று கொள்ளலாம். கழிவிலிருந்து உலோகத்தை மீட்பதே இதன் நோக்கம். அந்த நோக்கத்திற்கு 90 சதவிகிதம் என்பது மிக நல்ல பலன்.

போன் என்ஸைம் அமில நீரிலும் நடுநிலை நீரிலும் நன்கு வேலை செய்வது. கழிவுகளில் காரத் தன்மை உடையனவும் உண்டு. அவற்றுக்காக ஸ்பிங்கோமோனாஸ் என்னும் வேறொரு பாக்டீரியாவிலிருந்து போக் என்ற கார பாஸ்பட்டேஸின் ஜீனை டிராம்பே விஞ்ஞானிகள் பிரித்தெடுத்து, 2008ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அந்த ஜீனை ஏற்ற ஈ. கோலை பாக்டீரியா, காரக் கரைசலில் 2 மணி நேரத்திற்குள் 90 சதவிகிதத்திற்கு மேற்பட்ட யுரேனியத்தைப் படியவைத்தது. மூல பாக்டீரியாவுக்கு இதே வேலைக்கு 7 மணி நேரத்திற்கு மேல் பிடித்தது.

என்ஸைம் எங்கே குடியிருக்க வேண்டும்?

ஒரு தொழிற்சாலையில் நல்ல இயந்திரம் இருந்தும், மூலப்பொருளை உள்ளே கொண்டு செல்லும் வாயில் குறுகலாயிருந்தால் வேலை தேங்கிப்போகும். உயிரணுவின் உள்ளே இருக்கும் என்ஸைமின் நிலையும் இதுவே. வெளியிலுள்ள பொருள் சவ்வைக் கடந்து உள்ளே வரவேண்டும். மாறிய பொருள் வெளியே போகவேண்டும். சில பொருள்கள் சவ்வைக் கடப்பதே இல்லை. இயந்திரத்தையே வாயிலுக்கு வெளியே, திண்ணையில் வைத்துவிட்டால் என்ன என்ற எண்ணமே இத்துறையின் தோற்றுவாய். பாக்டீரியாவின் மேற்பரப்பில் நாம் விரும்பும் புரதத்தை நாட்டி வைக்கும் இக்கலைக்கு மேற்பரப்புக் காட்சி முறை என்று பெயர்.

இதற்கு முன்னோடி 1985ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஸ்மித் செய்த பரிசோதனை. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ் ஒன்றின் மேலுறையில் அயல் புரதத் துண்டைத் தோன்றச் செய்தார் அவர். 2018ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. அடுத்த ஆண்டிலேயே, அதாவது 1986இல், பாரிஸ் பாஸ்டர் நிலையத்தாரும் பிறரும் ஈ. கோலையின் வெளிச்சவ்வுப் புரதங்களில் சிறு துண்டுகளைச் செருகிக் காட்டினர். முழு என்ஸைம் ஒன்றையே வெளியில் நிறுத்தியவர்கள் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரான்ஸிஸ்கோ, எர்ஹார்ட், ஜார்ஜியூ ஆகியோர், ஆண்டு 1992. அவர்கள் செய்த அமைப்பு இன்றும் பாடம் சொல்வதற்கு ஏற்றது. அதில் மூன்று உறுப்புகள் உண்டு. முதலாவது, சவ்வுப் புரதம் ஒன்றின் தொடக்கத் துண்டு. இது முகவரிச் சீட்டுப் போன்றது, புரதத்தை வெளிச்சவ்வுக்கு அனுப்பும். இரண்டாவது, ஓம்ப்-ஏ என்ற புரதத்தின் நடுப்பகுதி. வெளிச்சவ்வினூடே தையல் போல் பலமுறை ஊடுருவி நின்று நங்கூரமாகும். மூன்றாவது, நாம் ஏற்றி அனுப்பும் பயணி, அதாவது வெளியில் நின்று வேலை செய்யவேண்டிய என்ஸைம். இம்மூன்றின் ஜீன்களையும் இடைவெளியின்றி வரிசையாகச் சேர்த்தால், உயிரணு அவற்றை ஒரே நீண்ட புரதமாகச் செய்து, தானே கொண்டுபோய் இடத்தில் நிறுத்திவிடுகிறது.

நங்கூரத்திற்கு உபயோகப்படும் புரதங்களில் ஒன்று வேளாண்மைப் பணியாளர்களுக்கு வேறு வகையில் அறிமுகமானது. சூடோமோனாஸ் சிரிஞ்சே என்னும் பாக்டீரியா, இலைகளின் மேல் உறைபனி விரைவில் தோன்றக் காரணமாகிப் பயிரைக் கெடுக்கும். பனிப்படிகத்தின் அமைப்புக்கு இசைந்த ஒரு புரதம் அதன் வெளிச்சவ்வில் நிற்பதே இதற்குக் காரணம். பயிருக்குப் பகையான அந்தப் புரதமே 1998 முதல் பயணி என்ஸைம்களைச் சுமக்கும் சுமைதாங்கியாகப் பயன்பட்டு வருகிறது.

வயலில் தோன்றிய கதை ஒன்றும் இங்கே நினைவுக்கு வருகிறது. 1973ஆம் ஆண்டில் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் சேதுநாதன், யோஷிதா என்னும் இருவர், டயஸினான் என்ற பூச்சிமருந்து இட்ட நெல்வயல் நீரிலிருந்து, அம்மருந்தையே சிதைக்கும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தனர். அது பாரத்தியானையும் சிதைத்தது. இத்தகைய பாக்டீரியாக்கள் பாஸ்பரஸ் சார்ந்த பூச்சிமருந்துகளை உடைக்கும் என்ஸைம் ஒன்றைக் கொண்டவை. 1997இல் கலிபோர்னியாவின் ரிவர்ஸைடில் அசோக் முல்சந்தானி, வில்பிரெட் சென் ஆகியோரின் குழு அந்த என்ஸைமை ஈ. கோலையின் மேற்பரப்பில் நாட்டியது. உள்ளே அடைபட்ட என்ஸைமை விட இது பாரத்தியானைப் பன்மடங்கு வேகமாகச் சிதைத்தது. என்ஸைமின் இயல்பு மாறவில்லை. இருப்பிடம் மட்டுமே மாறியது. பூச்சிமருந்து சவ்வைக் கடக்கும் தாமதம் எவ்வளவு பெரிது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. 2000ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானிகள், காட்மியத்தைப் பற்றிக்கொள்ளும் சுண்டெலிப் புரதம் ஒன்றை மண்வாழ் பாக்டீரியாவின் மேற்பரப்பில் நாட்டினர். காட்மியம் கலந்த மண்ணில் அந்தப் பாக்டீரியாவை இட்டபோது புகையிலை இனச் செடிகளுக்கு நஞ்சின் கடுமை குறைந்தது.

உதிரிப்பாகங்களும் எட்டு எழுத்துத் தழும்பும்

ஒவ்வோர் ஆராய்ச்சிச்சாலையும் தனக்கென்று ஜீன்களை வெட்டி ஒட்டிக் கொண்டிருந்த காலத்தில், ஒருவர் செய்த துண்டை மற்றவர் உபயோகிப்பது கடினமாயிருந்தது. சைக்கிள் கடையில் எந்த ஆணிக்கும் பொருந்தும் மறை கிடைப்பது அளவுகள் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருப்பதால்தான். ஜீன்களுக்கும் இத்தகைய அளவுத் திட்டம் வேண்டும் என்று 2003ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தில் டாம் நைட் என்பவர் ஒரு முறையை வகுத்தார். ஒவ்வொரு பாகத்தின் முன்னும் பின்னும் குறிப்பிட்ட எழுத்துத் தொடர்களை வைத்துவிட்டால், எந்தப் பாகத்தையும் எந்தப் பாகத்தோடும் ஒரே விதமாக இணைக்கலாம். இவ்வாறு செய்த பாகங்களுக்குப் பொதுப் பதிவேடு ஒன்றும், 2004 முதல் மாணவர்களுக்கு ஐ-ஜெம் என்ற சர்வதேசப் போட்டியும் ஏற்பட்டன. சென்னை ஐ.ஐ.டி., மாட்டுங்காவிலுள்ள இரசாயனத் தொழில்நுட்ப நிறுவனம் முதலியவற்றின் மாணவர்களும் அதில் கலந்துகொண்டிருக்கின்றனர்.

திட்டம் நேர்த்தியானதே. ஆனால் மேற்பரப்புக் காட்சி முறைக்கு அது முதலில் பெருந்தடையாயிற்று என்பதைப் பலர் சொல்வதில்லை. காரணம் சுவையானது. இரண்டு பாகங்களை ஒட்டுமிடத்தில் ஒரு தழும்பு எஞ்சுகிறது. டி.என்.ஏ. மொழியின் நான்கு எழுத்துகளான ஏ, சி, ஜி, டி என்பவற்றால் எழுதினால், அத்தழும்பு டி ஏ சி, டி ஏ ஜி, ஏ ஜி என்று 8 எழுத்துகளாகும். உயிரணு ஜீனை மும்மூன்று எழுத்துகளாகப் படிக்கும் என்பதை ஆசிரியர்கள் அறிவர். 8 என்பது 3ஆல் மீதியின்றி வகுபடாத எண். ஆகவே தழும்புக்கு அப்பால் உள்ள எழுத்துகளெல்லாம் முறை தவறிப் படிக்கப்படும். அதுவும் நேரும் முன்பே இன்னொரு விபத்து உண்டு. தழும்பின் முதல் மூன்று எழுத்துகள் டைரோஸின் என்ற அமினோ அமிலத்தைக் குறிக்கும். அடுத்து வரும் டி ஏ ஜி நிறுத்தற் குறி. நங்கூரத்தைச் செய்து முடித்த உயிரணு, பயணியைத் தொடுமுன்னரே வேலையை நிறுத்திவிடும்!

ஒன்றையொன்று தொடரும் தனித்தனிப் புரதங்களைச் செய்வதற்கு இத்தழும்பினால் தீங்கில்லை. இரண்டு புரதங்களை ஒட்டி ஒன்றாக்கவே இது இடம் தராது. 2006ஆம் ஆண்டில் ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியில் பிலிப்ஸ், பமேலா சில்வர் ஆகியோர் இரண்டு எழுத்துகளைக் குறைத்து, தழும்பை ஏ சி டி, ஏ ஜி ஏ என்று 6 எழுத்துகளாக்கினர். இப்போது படிக்கும் முறை தவறுவதில்லை. திரியோனின், ஆர்ஜினின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் மட்டும் இடையில் கூடுதலாக வரும். ஈ. கோலையில் ஏ ஜி ஏ என்னும் சொல் அரிதாகவே வழங்குவது என்பது இதில் ஒரு குறை. ஜெர்மனியின் பிரைபர்க் நகரத்தார் வேறு வெட்டுமிடங்களைத் தேர்ந்து, திரியோனின், கிளைஸின் என்ற இரண்டு வரும்படி இன்னொரு திட்டம் வகுத்தனர். ஆகப் பதிவேட்டிலிருந்து நங்கூரப் பாகம் ஒன்றை எடுப்பவர், அது எந்தத் திட்டத்தின்படி செய்யப்பட்டது என்பதை முதலில் பார்க்கவேண்டும். பெயர் ஒன்றாயிருப்பதால் பொருந்திவிடும் என்று எண்ணலாகாது.

எழுத்துகள் சரியாயிருந்தாலும் எல்லா நங்கூரமும் எல்லாப் பயணிக்கும் ஒத்துவருவதில்லை. பயணி மிகப் பெரியதாயிருந்தால், அல்லது இடைவெளியிலேயே மடிந்து இறுகிவிட்டால், வெளிச்சவ்வைக் கடக்காமல் சிக்கிக்கொள்ளும். வெளிச்சவ்வில் அயல் புரதங்கள் அளவுக்கு மீறினால் சவ்வு கசியும்; உயிரணு வளராது. உதிரிப்பாகம் என்ற உவமை இந்த இடத்தில் நம்மைக் கைவிட்டுவிடுகிறது. ஆணியும் மறையும் ஒன்றையொன்று நோயுறச் செய்வதில்லை.

டிராம்பேக்குத் திரும்புவோம். போன் என்ஸைம் இயல்பாக நிற்குமிடம் சவ்வுகளுக்கு இடைப்பட்ட வெளி. அதை மேற்பரப்பில் நிறுத்த டைனோகாக்கஸுக்கு ஏற்ற நங்கூரம் வேண்டும். ஈ. கோலைக்குச் செய்த நங்கூரம் இதற்குப் பொருந்தும் என்று சொல்ல இயலாது. டைனோகாக்கஸின் மேலுறை வேறு விதமானது. தடித்த சுவர், அதன்மேல் சவ்வு, அதற்கும் மேலே புரதத்தாலான படலம் என்று அடுக்கடுக்காக அமைந்தது. எலெக்ட்ரான் நுண்பெருக்கியில் பார்த்தால் அப்படலத்தில் தேன்கூடு போன்ற அறுகோணப் பின்னல் தெரியும். அதில் ஹெச்.பி.ஐ., எஸ்.எல்.பி.-ஏ என்ற இரண்டு புரதங்கள் முக்கியமானவை. மிஸ்ரா, பாஸு, ஆப்தே ஆகிய மூவர் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி, இந்தப் பாக்டீரியாவின் சொந்தப் புரதங்களையே சுமைதாங்கிகளாக்க முயன்றது. எஸ்.எல்.பி.-ஏ புரதத்தின் ஒரு பகுதிக்கு உயிரணுச் சுவரைப் பற்றிக்கொள்ளும் இயல்பு உண்டு. அப்பகுதியோடு போன் என்ஸைமைப் பிணைத்தபோது, அது சுவரைப் பற்றி நின்றது. பாஸ்பேட்டை வெட்டும் வேலையையும் விடவில்லை. எஸ்.எல்.பி.-ஏ ஒருபுறம் ஹெச்.பி.ஐ. புரதத்தோடும் மறுபுறம் சுவரோடும் தொடர்பு கொண்டு இடையில் நிற்கிறது என்பதும் இதனால் விளங்கிற்று. ஒரு கருவியைச் செய்யப் போய், உயிரின் அமைப்பைப் பற்றிய புது அறிவும் கிடைத்தது. இவ்வாராய்ச்சியின் சிறந்த பகுதி இதுவே என்பது எமது எண்ணம்.

புரதம் வெளியில்தான் நிற்கிறது என்பதை எவ்வாறு அறிவது என்று மாணவர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. டிரிப்ஸின் போன்ற புரதச் சிதைப்பான், பழுதற்ற உயிரணுவுக்குள் நுழைய முடியாது. முழு உயிரணுக்களை அதில் ஊறவைத்த பின் என்ஸைமின் வேலை நின்றுபோனால், என்ஸைம் வெளியில் இருந்தது என்று கொள்ளலாம். வேலை குறையாவிட்டால் உள்ளே ஒளிந்திருக்கக்கூடும். ஒளிரும் சாயம் சேர்த்த எதிர்ப்பொருளைக் கொண்டும் பார்ப்பதுண்டு; அதுவும் உள்ளே நுழையாது. இவற்றோடு, வெளியிலுள்ளது என்று பேசப்படும் புரதம் உண்மையில் செத்துக் கரைந்த உயிரணுக்களிலிருந்து கசிந்ததா என்றும் சோதிக்கவேண்டும். உயிரணுக்களை வடிகட்டி நீக்கிய நீரில் என்ஸைமின் வேலை தென்பட்டால் சந்தேகம் கொள்ளவேண்டியதே. இந்தக் கடைசிச் சோதனை எளிது; அதனாலேயே அவசரக்காரர்கள் இதை விட்டுவிடுகின்றனர்.

இத்தகைய பாக்டீரியாவைத் தாணாக் கழியிலோ வயலிலோ கொட்டிவிடலாமா? கூடாது. இந்தியாவில் மரபணு மாற்றிய நுண்ணுயிர்களைக் கையாளுதல், 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வகுத்த 1989ஆம் ஆண்டு விதிகளுக்கு உட்பட்டது. ஆராய்ச்சிச்சாலைக்கு வெளியே விடுவதற்கு மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் அனுமதி வேண்டும். களப் பணியாளர்களிடம், மாசைத் தின்னும் மரபணு மாற்றிய பாக்டீரியா என்று பொட்டலங்களைக் காட்டுவோர் வந்தால், அனுமதிப் பத்திரத்தைக் கேட்பதே முதல் வேலை. விதிகளுக்குக் காரணமும் உண்டு. புகுத்திய ஜீன் பெரும்பாலும் பிளாஸ்மிட் என்னும் சிறு வளையத்தில் இருக்கும். அவ்வளையங்களில் சில, ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக்கூடியவை. அதே வளையத்தில் மருந்துக்கு மசியாத தன்மையை அளிக்கும் ஜீனும் அடையாளத்திற்காக வைக்கப்பட்டிருப்பது வழக்கம். அது ஆற்று நீரிலுள்ள நோய்க்கிருமிகளின் கைக்குப் போகலாகாது.

இச்சங்கடத்திற்கு டிராம்பேயில் கண்ட வழி எளியது. யுரேனியத்தைப் படியவைக்க உயிரணு உயிரோடு இருக்கவேண்டும் என்பதில்லை. அதன் என்ஸைம் கெடாமல் இருந்தால் போதும். எனவே பாக்டீரியாக்களை உறையவைத்து, வெற்றிடத்தில் உலர்த்திப் பொடியாக்கிப் பார்த்தனர். அப்பொடியில் பாஸ்பட்டேஸின் ஆற்றல் அறை வெப்பத்தில் மாதக்கணக்கில் நிலைத்தது. பாக்டீரியாவைத் தொட்டிகளில் வளர்த்து, உலர்த்தி, மூட்டையாகக் கட்டிக் கழிவு உள்ள இடத்திற்கு அனுப்பலாம். அங்கே வளர்க்கும் வசதி எதுவும் வேண்டியதில்லை. பொடியாக்குவதால் மட்டும் ஜீன்கள் அழிந்துவிடுவதில்லை என்பதால், மூடிய கலத்திற்குள் வைத்து உபயோகித்து, வெளிவரும் நீரைச் சோதித்து விடுவதே முறை.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். என்ஸைம் எங்கு நின்றாலும் வெட்டுவதற்கு அதற்குக் கரிம பாஸ்பேட் வேண்டும். ஆராய்ச்சிகளில் இதற்கு பீட்டா-கிளிசெரோபாஸ்பேட் உபயோகிக்கப்பட்டது. சோதனைக் குழாய்க்கு அது பெரிய செலவன்று. ஆயிரக்கணக்கான லிட்டர் கழிவுக்கு அதுவே முதற்செலவாகும். படிந்தது போக மிஞ்சும் பாஸ்பேட்டும் நீரோடு வெளியேறும். ஏரி குளங்களில் அது சேர்ந்தால் பாசி பெருகும் என்பதை மீன்வளத் துறையினர் அறிவர். மலிவான கரிம பாஸ்பேட் ஒன்றைக் கண்டு, அதை வெட்டுவதற்கேற்ற என்ஸைமைச் சுவரில் நாட்டுவது இனிச் செய்யவேண்டிய வேலை. தானியங்களின் தவிட்டில் பாஸ்பேட்டைச் சேமித்து வைக்கும் பைட்டிக் அமிலம் மிகுதியாக உள்ளது. அதை வெட்டும் பைட்டேஸ் என்ற என்ஸைம் கோழித் தீவனத்தில் ஏற்கனவே வழக்கத்தில் இருக்கிறது. ஆனால் பைட்டிக் அமிலம் தானே உலோகங்களை இறுகப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. அது யுரேனியத்தை விடுவிக்காமல் வைத்துக்கொண்டால் படிவு உண்டாவது தடைப்படும் என்பதையும் சேர்த்தே பரிசோதிக்கவேண்டும்.